கல்லியை அடைத்த தர்பூசணி

பொய் சொல்லும் வயசை நான் தாண்டிவிட்டேன். அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

தாராவியில் எங்கள் கல்லி ஒரு முட்டுச்சந்து. எதிரே ஆள் வந்தால் ஒருவர் மூச்சை உள்ளிழுத்துக்கொள்ள வேண்டும். அங்கே தோல் பை தைக்கிற இனாயத்துல்லாவின் மகள் மெஹக்கைப் பெண் பார்க்க, அம்பர்நாத்திலிருந்து ஷரீஃபுன்னிசா அம்மா மகன் இஜாஸோடு வருவதாக ஏற்பாடு. ரம்ஜான் மாசம், கொளுத்துகிற வெயில். "உங்க வீட்லதான் நோன்பு தொறப்போம். பிடிச்சா அன்னைக்கே முடிவு" என்று அந்தம்மா சொல்லியிருந்தது. பல வீட்டில் கஞ்சி குடித்துவிட்டுப் பிடிக்கவில்லை என்று எழுந்துபோன அம்மா.

இனாயத்துல்லா வாஷி மார்க்கெட்டில் இருப்பதிலேயே பெரிய தர்பூசணியை வாங்கிவிட்டான். அது உட்கார்ந்ததும் டெம்போவில் இடமில்லாமல் டிரைவர் நின்றுகொண்டே ஓட்டினான். இனாயத்துல்லா தோல் அளக்கிற டேப்பால் கல்லியை அளந்துவிட்டுத்தான் போயிருந்தான். அதற்குள் பக்கத்து வீட்டு உதுமான் மாடிக்குப் புது இரும்பு ஏணி வைத்துவிட்டான். உருட்டிவந்த பழம் கல்லி வாயில், ஏணிக்கும் சுவருக்கும் நடுவே இறுகி நின்றது. உள்ளே சாயங்காலமே இருட்டிவிட்டது.

"ஏணியக் கழத்துவே!"

"வெல்டிங் வச்சாச்சு மச்சான். பழத்த வெட்டும்."

"நோன்பு மாசத்துல பழத்த மண்ணுல கொட்டச் சொல்லுதியா?"

கல்லியில் நோன்பில்லாதவன் நான் ஒருத்தன்தான். "சுயம்பு மாமா, நீங்க தின்னு வழி பண்ணுங்களேன்" என்றான் இனாயத்துல்லா.

"சுகர் இருக்குடே."

அப்போது பழத்துக்கு அந்தப்பக்கம் ஒரு குரல். "இஜாஸ், வீடு எங்கப்பா? பச்சைச் செவுருல்லா இருக்கு!"

இனாயத்துல்லா தரையில் உட்கார்ந்துவிட்டான். "போச்சு மாமா. திரும்பிப் போயிரும்."

மாடி ஜன்னலில் மெஹக்கின் தலை தெரிந்தது. தோல் வெட்டும் கத்திகளில் ஒன்றைத் துணியில் சுற்றி அந்தப்பக்கம் போட்டாள்.

"மாமி, ஒதுங்கிக்கோங்க. அது செவுரு இல்ல, பழம். பாங்கு சொன்னதும் நீங்க அங்கருந்து தின்னுட்டு வாங்க. நாங்க இங்கருந்து வாறோம்."

"யாரு புள்ள அது, அதிகாரம் பண்றது?"

"நீங்க பாக்க வந்த பொண்ணுதான்!"

வெளியே துணியைப் பிரிக்கிற சத்தம் கேட்டது.

பாங்கு கேட்டது. ஆளுக்கொரு பேரீச்சம்பழம் வாயில், அடுத்த நொடி பழத்தில் கத்தி. சிவப்பென்றால் அப்படியொரு சிவப்பு! கல்லியே குனிந்து தின்றது. சுகர் எனக்கு மறந்துபோனது. எங்கள் சாக்கடை முதல்முறையாக மணத்தது. உள்ளே போகப்போக, எதிர்ப்பக்கம் மெல்லுகிற சத்தம் நெருங்கியது.

"வாறாங்க! வாறாங்க!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள்.

நடுச்சதை சரிந்தது. அந்தப்பக்கம் ஷரீஃபுன்னிசா அம்மா. மோவாயெல்லாம் சாறு, மூக்குக்கண்ணாடியில் ஒரு கொட்டை. இந்தப்பக்கம், இறங்கிவந்து இன்னொரு கத்தியோடு மெஹக். இனாயத்துல்லா கண்ணை மூடிக்கொண்டான்.

அந்தம்மா வாயில் இருந்ததை நிதானமாக விழுங்கியது.

"எங்க கல்லி இதவிடக் குறுகல், புள்ள. வரும்போது அந்தக் கத்தியையும் எடுத்துக்கிட்டு வா."

மாப்பிள்ளை எங்கே என்று அப்போதுதான் தேடினோம். "இதோ வாறேன்" என்று பழத்தின் ஓரச் சதைக்குள்ளிருந்து சத்தம் மட்டும் வந்தது. வழி தவறிவிட்டான்.