உரித்து வைத்த விருந்து

பஞ்சவர்ணத்துக்கு வெறும் வாயால் நன்றி சொல்லத் தெரியாது. யாராவது ஓர் உதவி செய்தால் அவர்கள் வயிற்றை நிறைத்து அனுப்பினால்தான் அவளுக்கு மனசு ஆறும். அப்படிப்பட்டவள் மூன்று வாரமாக ஒரு மனிதருக்கு நன்றி சொல்ல வழி தெரியாமல் தவித்தாள். அவரோ வருகிற திங்கட்கிழமை விமானம் ஏறப் போகிறார்.

அவர் பெயர் யானுஷ். போலந்துக்காரர். திருமழிசைத் தொழிற்பேட்டையில் அவள் கணவன் குணசேகரன் வேலை பார்க்கும் கம்பெனிக்குப் புதிதாக வந்த, தகடு அமுக்கும் பிரஸ் மிஷினைப் பூட்டி ஓட்டிக் காட்ட, எண்பத்தேழாம் வருஷக் கோடையில் வந்தவர். ஆள் மூங்கில் கழி மாதிரிதான் இருப்பார். ஆனாலும் தொழிலாளிகள் வாயில் விழுந்து ‘யானை சார்’ ஆகிவிட்டார்.

ஒரு நாள் குணசேகரன் மிஷினை நிறுத்தாமலே, சிக்கிய தகட்டை எடுக்கக் கையை உள்ளே விட்டான். எத்தனை தரம் சொன்னாலும் கேட்காத ஜென்மம். மேலே நின்ற இரும்பு இறங்குகிற நேரத்தில் யானுஷ் பின்னாலிருந்து அவன் சட்டைக் காலரைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். இரண்டு பேரும் மல்லாந்து விழுந்தார்கள். யானுஷுக்கு முழங்கையில் நாலு தையல். குணசேகரனுக்கு ஒரு கீறல் இல்லை. ராத்திரி சாப்பிடும்போது அவன் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் பஞ்சவர்ணம்.

“ஒரு கறிக்கொயம்பு வச்சுப் போட்டா இன்னா?” என்று கேட்டாள்.

“காரம் ஒத்துக்காதுமே. கேன்டீன் சாம்பாருக்கே மூணு நாளு படுத்துகினாரு” என்றான் குணசேகரன். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவனாகச் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தான். “அன்னிக்கு என் டிபன் பாக்ஸ்ல கோஸ் பொரியல பாத்துட்டு, அவுங்கம்மா கோஸ்ல இன்னாவோ செய்வாங்கன்னு படமே போட்டுக் காட்டுனாரு. அத்த சொல்லச் சொல்ல அவருக்குக் கண்ணு கலங்கிட்ச்சு.”

படத்தில் எல்லாம் தெளிவாக இருந்தது. ஒரு கோஸ் இலை. அதன் நடுவே அரிசியும் கொத்துக்கறியும். அடுத்து, சுருட்டிய இலை. கடைசியில் ஒரு பானை, பக்கத்தில் தக்காளி. இன்ஜினீயர் இல்லையா, அளவுகூடக் குறித்திருந்தார். எப்படிச் சாப்பிடுவது என்கிற படம் மட்டும் அதில் இல்லை. அதையும் போய் யார் வரைவார்கள்?

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பஞ்சவர்ணம் வேலையில் இறங்கினாள். முதல் கோஸைப் பச்சையாகவே உரித்துப் பார்த்தாள். எந்த இலையும் கிழியாமல் வரவில்லை. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக, கடைசியில் எலுமிச்சம்பழம் அளவுக்குத்தான் மிஞ்சியது. இரண்டாவது கோஸின் அடித்தண்டைக் குடைந்து எடுத்துவிட்டு, முழுசாகக் கொதிநீரில் அமுக்கினாள். இப்போது இலைகள் சொன்ன பேச்சைக் கேட்டுத் தானாகக் கழன்றன. தடித்த நரம்பை அரிவாள்மணையில் சீவி எடுத்தாள். அரைவேக்காட்டுச் சோறு, கொத்துக்கறி, பொடியாக நறுக்கிய வெங்காயம், உப்பு, கொஞ்சம் மிளகு. இஞ்சி படத்தில் இல்லை. ஆனாலும் கை சும்மா இருக்காமல் ஒரு துண்டு தட்டிப் போட்டாள். ஒவ்வொன்றையும் சுருட்டி வாழைநாரால் கட்டி, அடுக்கி, தக்காளிச் சாற்றை ஊற்றி மூடினாள். ஒரு மணி நேரத்தில் தெருவே மணத்தது. பக்கத்து வீட்டுப் பார்வதம் ஆட்டைக் கட்டுகிற சாக்கில் இரண்டு தரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

எட்டு உருண்டை தேறியது. விருந்தாளிக்கு ஆறு, புருஷனுக்கு இரண்டு.

யானுஷ் வந்து, நீளக் கால்களை மடக்கத் தெரியாமல் மடக்கித் தரையில் உட்கார்ந்தார். பஞ்சவர்ணம் வாழையிலை போட்டு ஆறு உருண்டைகளையும் வைத்துத் தக்காளிச் சாற்றை ஊற்றினாள். அவர் இலையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடியும் இலையைப் பார்த்தார். பிறகு குணசேகரனிடம் இங்கிலீஷில் மெல்ல ஏதோ கேட்டார்.

“கோஸ் இலை எங்கன்னு கேக்குறாரு” என்றான் குணசேகரன்.

“அத்தயெல்லாம் உரிச்சு பார்வதத்து ஆட்டுக்கு எடுத்து வச்சுகீறேன்” என்றாள் அவள் பெருமையாக.

வாழையிலையில் சுட்ட மீனை இலையோடா தின்கிறோம்? பூவரச இலைக் கொழுக்கட்டையை இலையோடா தின்கிறோம்? வந்தவர் தலையில் உரிக்கிற வேலையையும் கட்டுவது மரியாதையா? அதனால்தான் விரல் சுடச்சுட எட்டையும் அவளே உரித்து வைத்திருந்தாள்.

குணசேகரன் முகம் வெளிறியது. “அந்த இலையோடதான் துன்னணுமாம்மே.”

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்துவிட்டது. பூமி பிளந்து தன்னை உள்ளே வாங்கிக்கொள்ளாதா என்று இருந்தது அவளுக்கு. கையைக் காப்பாற்றிக் கொடுத்த மனிதரின் தாய்ச் சாப்பாட்டை உரித்து ஆட்டுக்கு வைத்துவிட்டேனே என்று நொந்துகொண்டாள். இனி அவரை எங்கே பார்க்கப் போகிறாள்?

யானுஷ் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு நிறுத்தி நிறுத்திப் பேசினார். குணசேகரன் அதைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான்.

“உலகச் சண்டை நடந்த காலமாம். நாலு புள்ளைங்க. கறி கண்ணுல பட்றதே அபூர்வமாம். அவுங்கம்மா இத்த செஞ்சா, இதே மாறி உரிச்சு, உள்ள இருக்கிறத்த புள்ளைங்களுக்கு வச்சிட்டு, வெறும் இலைய அவங்க துன்னுவாங்களாம். எனக்கு இலைதான் புடிக்கும்னு சொல்வாங்களாம். இவரும் நெசம்னு நம்பிக்கினு இருந்தாராம். இவரு சம்பாரிச்சு, ஒரு நாளு பானை நெறய செஞ்சப்போதான் அவங்க முழுசா துன்னத பாத்தாராம். உரிச்சு வச்சத பாத்ததும் அம்மாவே வச்ச மாறி கீதாம்.”

பஞ்சவர்ணம் பின்பக்கம் போய், மூடி வைத்திருந்த சட்டியைக் கொண்டுவந்தாள். நல்ல வேளை, பார்வதத்தின் ஆடு இன்னும் வாய் வைக்கவில்லை. யானுஷ் ஓர் இலையை விரித்து உருண்டையை வைத்துச் சுருட்டினார். பிறகு நிமிர்ந்து, அவளையும் உட்காரச் சொல்லிக் கை காட்டினார்.

“எனக்கு உள்ள ரசஞ்சோறு கீது. எனக்கு அதான் புடிக்கும்னு சொல்லு மாமா” என்றாள் அவள், வழக்கம்போல.

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. அவள் மறுத்துக் கையசைத்த விதமே போதுமாயிருந்தது; குணசேகரன் அதை இங்கிலீஷில் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. யானுஷ் எழுந்து போய், சமையல் மேடையிலிருந்து ஒரு தட்டை எடுத்துவந்து தன் பக்கத்தில் வைத்தார். சுருட்டியதை அதில் வைத்தார். இன்னொன்றையும் சுருட்டி வைத்தார்.

விருந்தாளி முன்னால், புருஷனோடு சரிசமமாக உட்கார்ந்து அவள் அதுவரை சாப்பிட்டதில்லை. உட்கார்ந்தாள். ஒரு வாய் கடித்தாள். இத்தனை நாள் தேக்கி வைத்ததெல்லாம் கண் வழியாக வந்தது.

“நீங்க நல்லா இருக்கணும் சார். எங்கள வாழ வச்சீங்க” என்றாள் தமிழிலேயே. அவர் தலையை ஆட்டினார். அவருக்குப் புரிந்துதான் இருந்தது.

பிறகு அவள் குணசேகரன் பக்கம் திரும்பி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள்: “இலையோட நல்லாத்தான் கீது மாமா.”