கட்டிலை இழுத்துப் போன செடி

"செடி உங்க வாசப்படியத் தாண்டிடுச்சாமே, இன்னும் ஏன் அங்கேயே கிடக்கீங்க?" என்று ஓரகத்தி கேட்டபோது, ஐஸ் கம்பெனிக்காரி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அவள் ஓர் அறை கேட்டு வந்திருந்தாள். "எங்களுக்கே இடம் பத்தல," என்றார் புருஷனின் அண்ணன் மளிகைக்காரர். மேட்டுத் தெருவில் அந்த நாலு அறை வீட்டை எழுப்பியதே அவள் புருஷன் கொத்தனார்தான்.

கடலோரப் புதர்களில் அந்த ஒரு செடி மட்டும் நடந்தது. எந்த மாதத்திலும் வாடாத தடித்த இலை, யாரோ பாதியைக் கிள்ளி எடுத்தது போன்ற வெள்ளைப் பூ. நாளுக்கு ஒரு சாண் நகரும். பின்னாலேயே கடல் வரும். முன்னோடி என்று பெயர். அது யார் படியைத் தாண்டுகிறதோ அவர்கள் மறுபேச்சில்லாமல் மூட்டை கட்டுவார்கள். செடியை யாரும் வெட்டியதில்லை, திட்டியதுமில்லை. தபால்காரர்கூட அதைத் தாண்டிக் கடல் பக்கம் போவதை நிறுத்தியிருந்தார்.

சாரத்திலிருந்து விழுந்த கொத்தனாருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. இரும்புக் கட்டிலோடு தூக்க நாலு ஆள் வேண்டும். தெருவில் நாலு ஆள் மிச்சமில்லை. அடுப்படியில் செடி வேர்விட்ட அன்று, யாரும் செய்யாத காரியத்தை அவள் செய்தாள். ஐஸ் பாளம் இழுக்கும் கயிற்றால் அதைக் கட்டில் காலோடு கட்டினாள். செடி நின்றால் கடலும் நிற்கும் என்பது அவள் கணக்கு.

"என்னடி, என்னை நங்கூரமாக்கிட்டியா?"

"இந்த வீட்டுல வேற என்ன கனம் இருக்கு?"

"அதுக்குத்தான் நான் நல்லாத் தின்னேன்," என்றார்.

செடி நிற்கவில்லை. பின்சுவர் வழிவிட்டது, கட்டில் தெருவுக்கு வந்தது. அந்த வாரமே கடல் அடுப்படிக்குள் புகுந்து பாத்திரங்களை எடுத்துக்கொண்டது. இனிக் கயிற்றை அவிழ்த்தால் அவரைக் கடலுக்குக் கொடுத்ததாகும். தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன என்று அப்படியே விட்டாள். இரண்டு மழைக்காலங்கள் அந்த இலைகள்தான் கூரை. வழியிலிருந்த வீடுகள் முன்கூட்டியே காலியாயின. காலி செய்தவர்கள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மாலையில் வேலை முடிந்து வருபவள், "இன்னைக்கு எங்க இருக்கீங்க?" என்று தூரத்திலிருந்தே குரல் கொடுப்பாள். "தையக்கடை வாசல்ல. நாளைக்குக் குழாயடிக்கு வந்துடுவேன், குடத்தோட வா," என்பார். அவர் முதுகுப் புண்ணில் உப்புக்காற்று பட்டு எரிந்தது. ஒருநாள் பகடி எதுவுமில்லாமல், "கயித்த அவுத்துடு, போதும்," என்றார். அவள் குனிந்து இன்னொரு முடிச்சுப் போட்டாள்.

மூன்றாம் மழைக்கு முன் செடி மேட்டுத் தெருப் பக்கம் திரும்பி, மளிகைக்காரர் வீட்டுப் படியேறியது. கட்டில் பின்னாலேயே போனது. தலைவாசலைக் கொத்தனார் தாராளமாக வைத்திருந்ததால் எங்கும் இடிக்கவில்லை.

"அண்ணே, நான்தான்," என்றார் கொத்தனார். "ஒரு ஓரமாப் படுத்துக்கறேன்."

அண்ணன் தம்பியைப் பார்க்கவில்லை. வேர் எங்கே நிற்கிறது என்று பார்த்தார். படிக்கு உள்ளே நின்றது. சாப்பிட்ட கையைக் கழுவி, சட்டையை மாட்டி, கடைச்சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். பெண்டாட்டியைக் கையசைத்துக் கூப்பிட்டு, கொல்லைக் கதவு வழியாக வெளியேறினார்.