மேல திறந்து விடு

புது பஸ்ஸின் நெற்றியில் 'சுத்தமான எரிபொருள்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்கள். ஆனால் வயிற்றில் கோளாறு. சிலிண்டர் வால்வு பழுதாகிவிட்டது. அதை மாற்ற வேண்டுமென்றால், முதலில் உள்ளே அடைத்திருக்கும் இயற்கை எரிவாயுவைக் காலி செய்ய வேண்டும்.

அதைப் பக்கத்து பஸ்ஸுக்கு மாற்றுவதற்காகத் தங்கச்சி குழாயை இழுத்துவந்தாள். டிப்போ மேனேஜரின் கூடப்பிறந்தவள் என்பதால், நரைத்த மெக்கானிக்குகளுக்குக்கூட அவள் தங்கச்சிதான்.

"அதைச் சுருட்டி வை" என்றார் அண்ணன், இஸ்திரிச் சட்டையில் வியர்வையோடு. "மாத்தி முடிக்க சாயங்காலம் ஆயிடும். புகையில்லா டிப்போன்னு நமக்குப் பரிசு குடுக்குற பாராட்டு விழாவுக்கு ஆளுங்க வந்துட்டாங்க. மேல திறந்து விடு."

மேலே என்றால், கூரையைத் தாண்டி நிற்கும் இரும்புக் குழாய். அவசரத்துக்கென்று வைத்தது. இந்த டிப்போவில் அவசரம் தினமும் வந்தது.

"ஒரு நாள் முழுக்க பஸ் ஓடுற கேஸ்ண்ணா."

"காத்துல போறது காத்தோட போகுது. யாரு கண்ணுல படப்போகுது?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலையில் சேர்ந்த புதிதில் பாடம் எடுத்தவரே இவர்தான். எரிந்தால் புகை குறைவு, எரியாமல் வெளியே விட்டாலோ கரியமில வாயுவைவிடப் பல மடங்கு பூமியைச் சுடவைக்கும் என்று சாக்பீஸ் தேயத் தேயச் சொன்ன வாய் இது. டீசல் காலத்தில் கறுப்புப் புகை வந்தது. ஊரே வாசலுக்கு வந்து திட்டியது. இது கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. திட்ட ஆளில்லை என்ற தைரியம்!

"நீங்க சொல்லிக்கொடுத்ததுதானேண்ணா?"

"வேலை வேணுமா, வேணாமா? அதைச் சொல்லு."

விழாவுக்கு வந்த பெரிய அதிகாரி அந்தப் பக்கமாகத்தான் வந்துகொண்டிருந்தார். தங்கச்சி நேரே போய் அவர் முன்னால் நின்றாள்.

"சார், இங்க தினமும் கேஸை எரிக்காம வானத்துக்கு விடுறோம். இப்பவும் விடச் சொல்றாங்க."

அண்ணன் முகம் செத்துப்போனது. அதிகாரி மட்டும் சிரித்தார்.

"எல்லா டிப்போலயும் அப்படித்தாம்மா. எங்களுக்குத் தெரியாதா? சீக்கிரம் முடிச்சுட்டு வண்டியை மேடைகிட்ட கொண்டு வாங்க."

யாருக்கும் தெரியாது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். தெரிந்திருக்கிறது! தெரிந்துதான் பரிசு கொடுக்க வந்திருக்கிறார்கள். திருகுசாவியை அண்ணன் கையில் திணித்தாள்.

"என் கையால முடியாது. நீங்களே திறங்க."

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு திறந்தார். கூரைக்கு மேலே உஸ்ஸென்று சீறியது.

"கை தட்டுங்க!" என்று தங்கச்சி தொண்டை கிழியக் கத்தினாள். "எல்லாரும் நல்லா கை தட்டுங்க!"

விழா தொடங்கிவிட்டது என்று நினைத்து, நாற்காலிகளில் இருந்தவர்கள் எல்லோரும் கை தட்டினார்கள்.