ஒரே மூச்சில் வந்ததாகச் சொன்ன இசை

தன்னைப் பெண்கேட்டிருந்த லின்ஸ் நகரத்துச் சுங்க அதிகாரிக்குத் தெரேஸ் லிண்ட்னர் ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்லியாக வேண்டும். அதற்குள் தன் மனத்தை அவளுக்குத் தெரிவித்துவிடத் துடித்தான் அந்தோன் ஸெட்லாக். ஐந்தாண்டுகளாக அவளுக்குப் பியானோ சொல்லிக்கொடுப்பவன். நிலையான வேலை இல்லாதவன். அத்தகையவனுக்கு வியன்னாவில் அரசின் திருமண அனுமதி கிடைப்பதே அரிது. வாய்விட்டுக் கேட்கத் துணிவின்றி, இரண்டு ஆண்டுகள் உழைத்து ஸொனாட்டா என்னும், நான்கு பகுதிகள் கொண்ட நீண்ட பியானோ உருப்படி ஒன்றை அவளுக்காக எழுதினான். முகப்பில் அவளுக்குச் சமர்ப்பணம் என்று அவள் பெயரோடு அது அச்சாகி வந்தால், மற்றதை அவளே புரிந்துகொள்வாள் என்று நம்பினான்.

பதிப்பாளர் வைஸ்கோப்ஃப் ஸொனாட்டாக்களை இப்போது யாரும் தொடுவதில்லை என்றார். முதல் பகுதியை மட்டும் பிரித்தெடுத்து, தலைப்பை அடித்துவிட்டு, ‘இம்ப்ராம்ப்டு’ என்று எழுதினார். பியானோ முன் அமர்ந்ததும் தானாக வந்ததுபோல் ஒலிக்கும் சிறு உருப்படிகளுக்கு அதுதான் பெயர். ஒருவன் இழைத்து இழைத்துக் கட்டியதைக் கறிக்கடைக்காரனைப்போல் கூறுபோட்டு, அதற்குப் பொய்ப்பெயரும் சூட்ட அந்த மனிதருக்குக் கை கூசவில்லை.

“இங்க பாருங்க ஸெட்லாக், யார் கேட்டாலும் ஒரே மூச்சில வந்துதுன்னு சொல்லுங்க. மாங்கு மாங்குன்னு உழைச்சேன்னு உளறி வைக்காதீங்க. வேர்வை வாடை அடிக்கிற இசைய எந்தப் பொண்ணும் வாங்க மாட்டா.”

அவள் பெயர் முகப்பில் இருக்கும் என்ற ஒன்றுக்காக ஸெட்லாக் தலையசைத்தான்.

ஞாயிறு பிற்பகல், லிண்ட்னர் வீட்டின் விருந்தினர் நிறைந்த கூடத்தில் தெரேஸ் அச்சாகி வந்த அதை முதன்முறையாக வாசித்தாள். நடுப்பகுதியில் அவள் விரல்கள் தயங்கின, கன்னம் சிவந்தது. முடித்ததும் அவனை மட்டுமே பார்த்தாள்.

“நிஜத்தச் சொல்லுங்க ஐயா. இத எழுத எத்தன நாளாச்சு?”

கூடமே அவன் பக்கம் திரும்பியது. அந்நகரத்து இசைஞர் எவரும் இம்ப்ராம்ப்டுக்கு உழைத்ததாக ஒப்புக்கொண்டதில்லை. ஒப்புக்கொண்டால் கற்பனை வறண்டவன் என்று சிரிப்பார்கள். ஸெட்லாக்கும் சிரிப்புக்கு அஞ்சினான்.

“நாளா? காப்பி ஆறுறதுக்குள்ள முடிச்சிட்டேன்.”

எல்லாரும் கைதட்டினார்கள். தெரேஸும் புன்னகைத்தாள். தாள்களின் ஓரங்களைச் சீராகத் தட்டி அடுக்கினாள்.

“உங்களுக்கு எல்லாமே லேசா வந்துடுது” என்றாள். பிறகு தந்தையிடம் சென்று காதோடு ஏதோ சொன்னாள். அவர் முகம் மலர்ந்து, விடுதியில் காத்திருந்த சுங்க அதிகாரியை அழைத்துவரப் பணியாளை அனுப்பினார். வைன் ஊற்றச் சொன்னார். மாப்பிள்ளை வருவதற்குள் புதிதாக ஒன்று, இங்கேயே இப்போதே வாசிக்க வேண்டும் என்று ஸெட்லாக்கைப் பிடித்து உட்காரவைத்தார்.

ஆயத்தமின்றி எதையும் வாசிக்க இயலாதவன் ஸெட்லாக். யாரும் கேட்டிராததில் அப்போது அவன் விரல்களுக்கு வந்தது ஸொனாட்டாவின் இரண்டாம் பகுதிதான். மெல்லத் தொடங்கினான். முதல் பகுதி விட்ட இடத்திலிருந்து, அதே வருத்தத்தை இன்னும் ஆழமாக அது எடுத்துச் சென்றது.

தெரேஸின் கையிலிருந்த கிண்ணம் தாழ்ந்தது. காப்பி ஆறும் நேரத்தில் முளைத்ததற்கு இப்படியொரு தொடர்ச்சி இருக்க முடியாது என்பது, ஐந்தாண்டு அவனிடம் பயின்றவளுக்குத் தெரியும்.

“அப்பா, ஆள் போயாச்சா?”

“அப்பவே போயிட்டானேம்மா. ஏன்?”

அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அருகிலிருந்தவர் யாரோ, பாருங்கள், இதுவும் கணத்தில் வந்ததுதான் என்று வியந்தார். ஸெட்லாக் வாசித்துக்கொண்டேயிருந்தான், நிறுத்தினால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.