தன்னையே விசாரித்த துப்பறிவாளன்

பழைய அமெரிக்க டிவி தொடர் ஒன்றை ஜெரோம் செல்போனில் பார்த்துப் பார்த்தே கெட்டுப்போயிருந்தான். அதில் வரும் தனியார் துப்பறிவாளன் எந்த நேரமும் கோட்டைக் கழற்ற மாட்டான். கேஸ் கொடுத்தவரிடம் எதையும் மறைக்கவும் மாட்டான். இரண்டையும் வேதவாக்காக எடுத்துக்கொண்டு ஜெரோம் கோவளத்தில் துப்பறியும் ஆபீஸ் திறந்தான். வேர்க்குரு வந்ததுதான் மிச்சம்.

ஒருநாள் கம்பெனி பஸ் ஓட்டும் ஏசுபாதம் வந்து உட்கார்ந்தார். அவர் மகள் அன்பரசிக்கு நாவலூரில் வேலை. அவளும் ஜெரோமும் மூன்று வருஷமாகக் காதலிப்பது ஊருக்கே தெரியும்.

"என் பொண்ணு ஜெரோம்னு ஒருத்தனத்தான் கட்டுவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிது. பையன் எப்பிடின்னு விசாரிச்சு சொல்லு."

"மாமா, அது நான்தானே?"

"தெரியும்பா. பொண்ணு குடுக்கிறதுக்கு முன்னாடி விசாரிக்காம இருப்பாங்களா? இந்தப் பக்கம் டிடெக்டிவ்னு நீ ஒருத்தன்தான் கீற. நான் இன்னா பண்றது? நீ சொல்றதுதான் முடிவு."

ஜெரோம் இடத்தில் வேறு யாராவது என்றால் நாலு பொய் சொல்லிக் காரியத்தை முடித்திருப்பார்கள். இந்த மகராசனோ முதல் கேஸ் ஆயிற்றே என்று கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

மீன் விற்கும் சந்திரம்மாவிடம் போய், "யக்கா, இங்க ஜெரோம்னு ஒருத்தன்..." என்று ஆரம்பித்தான்.

அவள் ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னா ஜெரோமு, ஒடம்புக்கு முடியலயா?"

"என்ன வுடுக்கா. அவனப் பத்திச் சொல்லு."

"அவனா? கோட்ட மாட்டிகினு வெட்டியா சுத்திகினு கீறான்."

வீட்டில் அம்மாவையும் விசாரித்தான். "சோம்பேறி" என்று சொல்லிவிட்டு அவன் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். பெற்றவள் வாயால் கேட்டது சுருக்கென்று தைத்தது.

ஞாயிற்றுக்கிழமை ஏசுபாதம் வீட்டில் போய் நின்றான். எதிரே அன்பரசி. இருந்தாலும் தொழில் தொழில்தான்.

"சார், பையனுக்கு வருமானம் கெடயாது. சோம்பேறி. பொண்ணு குடுக்காதீங்க."

ஏசுபாதம் பெருமூச்சு விட்டார். "உள்ளத உள்ளபடி சொல்லிட்ட. சரி, வேணாம்னு வுட்டுடலாம்."

அன்பரசிக்கு வந்ததே கோபம். "நைனா, அவனோட மூணு வருஷமா பழகுறவ நானு. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டானா இவன்? இதெல்லாம் ஒரு விசாரணையா? மொதல்ல இந்த டிடெக்டிவ்வ வேலைய வுட்டுத் தூக்கு."

ஏசுபாதம் யோசித்தார். மகள் சொல்வதிலும் நியாயம் இருந்தது. "அப்ப இவன் சொன்னது செல்லாதுங்குற?"

"செல்லாது. கல்யாணத்துக்கு நாள் பாரு."

முதல் கேஸே இப்படி ஊற்றிக்கொண்டதே என்ற துக்கம் ஜெரோமுக்குத் தாங்கவில்லை. தலையைத் தொங்கப் போட்டபடி செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் தாண்டினான். அன்பரசி ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்தாள்.

"டிடெக்டிவ்வத்தானே போகச் சொன்னேன். நீ எங்க போற?"