கட்டைவிரலுக்குள் ஒரு நாடு

கூரியர் கிடங்கில் உறைகளைப் பை பையாகப் பிரிக்கும் சின்னக்காவுக்கு அன்று காலையிலிருந்தே வேலை ஓடவில்லை. தம்பிக்குக் கரையிலிருந்து கொஞ்சம் தள்ளிக் கடலில் கிடக்கும் ஒரு குட்டித் தீவு நாட்டில் வேலை கிடைத்திருந்தது. அங்கே போய் இறங்கிவிட்ட அவன் திங்கட்கிழமை அசல் சான்றிதழைக் காட்டாவிட்டால் அந்த வேலை அடுத்தவனுக்கு. சான்றிதழ் உறை இப்போது அவள் கையில்.

கிடங்கில் பைகள் கண்டம் வாரியாகப் போகும். தீவுகளுக்குத் தனிப் பை. கண்டத்துக் கரைக்குப் பக்கத்துத் தீவு எதில் சேர்த்தி? மேலாளர் அதற்கொரு சட்டம் வைத்திருந்தார். சுவர் வரைபடத்தில் கரையோரம் கட்டைவிரலை வைப்பார். நாடு மறைந்தால் கண்டம், வெளியே தெரிந்தால் தீவு. மனிதரின் விரலோ உருளைக்கிழங்கு கனம். பாதிச் சமுத்திரம் அதற்குள் காணாமல் போகும்.

"கண்டம்தாம்மா," என்றார் மேலாளர், தம்பி இருக்கும் நாட்டை விரலால் மறைத்து.

"என் விரலுக்கு வெளியில தெரியுதே சார்."

"உன் விரல வெச்சா ஆபீஸ் நடத்துறோம்?"

முத்திரை போடும் அண்ணனுக்கு வாய் சும்மா இருக்காது. "பக்கத்துல இருந்தா சேர்த்தியாயிடுமா சார்? என் மாமனார் ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்காரு. அவர நான் குடும்பத்துலயே சேக்கல."

சிரித்துக்கொண்டே அண்ணன் அவள் கையிலிருந்த உறையை வாங்கிக் கண்டத்துப் பைக்குள் போட்டு, கயிற்றால் கட்டி முத்திரையும் வைத்துவிட்டார்.

சின்னக்காவுக்கு மனசு கேட்கவில்லை. தீவிலுள்ள கூரியர் அலுவலகத்துக்கே போன் போட்டாள்.

"நாங்க எந்தக் கண்டம்னு எங்களுக்கே தெரியாதுங்க," என்றார் அங்கிருந்தவர் சாவகாசமாக. "தீவுப் பை ஞாயித்துக்கிழமை வந்துரும். கண்டத்துப் பை ஊரெல்லாம் சுத்திட்டு புதன்கிழமைதான்."

வெளியே லாரி உறுமியது. அவள் மேலாளரிடம் ஓடினாள்.

"முத்திரைய உடைச்சா உன் பேர்லதான் எழுதுவேன்," என்றார் அவர். "ஏற்கெனவே ரெண்டு தப்பு இருக்கு. மூணாவது விழுந்தா வேலை இருக்காது. யோசிச்சுக்கோ."

யோசித்தால் கை வராது என்று அவளுக்குத் தெரியும். கத்தரியை எடுத்துக் கயிற்றை அறுத்தாள். உறையைத் தேடி எடுத்துத் தீவுப் பையில் திணித்தாள். அண்ணன் மேலாளர் பக்கம் திரும்பாமலே இரண்டு பைகளுக்கும் முத்திரை போட்டு, தூக்கிக்கொண்டு போய் லாரியில் ஏற்றினார்.

மேலாளர் பதிவேட்டைப் பிரித்தார். "காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. என்ன எழுத?"

அவள் கத்தரியை மேசைமேல் வைத்தாள்.

"தம்பின்னு எழுதுங்க சார்."

அவர் பேனா மூடியைக் கழற்றி அவள் பேருக்கு நேரே எழுதத் தொடங்கினார்.