பத்மினி விழுங்கிய பேச்சு

ஆரணியில் கார்புரேட்டரின் வாய் திறந்திருக்கும்போது பக்கத்தில் நின்று யாரும் பேசுவதில்லை. பேசினால் பேச்சு உள்ளே போய்விடும். புதுக் கார்களில் இந்தத் தொந்தரவு கிடையாது. காற்றையும் பெட்ரோலையும் கார்புரேட்டரில் கலந்து குடிக்கிற பழைய கார்களில்தான், அதுவும் மேலே மூடியிருக்கும் ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு எஞ்சினை உறுமவிடும்போதுதான், இப்படி நடக்கும். மெக்கானிக் பலராமன் ஒருமுறை ஓர் அம்பாசடர் மேல் குனிந்தபடி அதன் சொந்தக்காரரைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். வண்டி விழுங்கிக்கொண்டதால் எதிரே நின்ற அந்த மனுஷருக்கு ஒன்றும் கேட்கவில்லை. இன்றைக்கும் இருவரும் சேர்ந்துதான் டீ குடிக்கிறார்கள்.

கம்பெனி பஸ் ஏறிச் செய்யாருக்கு ஷிப்டு போய்வரும் சத்தியராஜுக்கும் இது தெரியாததல்ல. தெரிந்தும் ஏழு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசை முடிந்து வந்த கையோடு, வீட்டு வாசலில் தன் பத்மினி காரின் ஃபில்டரைக் கழற்றிப் போட்டு ட்யூனிங் செய்துகொண்டிருந்தார். எந்நேரமும் அந்தக் காரைக் கட்டிக்கொண்டு அழுவதைப் பற்றித்தான் அன்று காலை மனைவி வனிதாவுக்கும் அவருக்கும் சண்டை. கையில் பையோடு வெளியே வந்த வனிதா பக்கத்தில் நின்று ஏதோ சொன்னாள். வாய் அசைந்ததை அவர் ஓரக்கண்ணால் பார்த்தார். பேச்சைக் கார் முழுசாக இழுத்துக்கொண்டது. அவர் எஞ்சின் மேல் குனிந்தபடியே "சரி, சரி" என்று தலையாட்டினார். அதையும் கார் விழுங்கியது, ஆனால் தலையாட்டியது அவளுக்குப் போதுமாக இருந்தது. போளூரில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போன வனிதா திரும்பி வரவில்லை.

எதற்குச் சரி சொன்னோம் என்று அவருக்குத் தெரியாது. ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். ஆனால் அன்றைக்குக் காதில் வாங்காமலே தலையாட்டினேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டுமே. இந்த ஆம்பிளைகளுக்கு அதைவிட உயிரை விடுவது சுலபம். அவருடைய அக்கா இன்னாசியம்மாள் போளூருக்குப் போய்ப் பேசிப் பார்த்தார். "அவருகிட்ட சொல்லிட்டுதான் வந்தேன் அண்ணி. சரின்னாரு. அவரையே கேளுங்க" என்றாள் வனிதா. திரும்பி வந்து தம்பியைக் கேட்டால், "ஆமா, சரின்னுதான் சொன்னேன்" என்றார் அவரும். இரண்டு பேரும் ஒரே விஷயத்தைச் சொன்னால் நடுவில் இருப்பவர் என்னதான் செய்வார். வனிதா அங்கேயே ஒரு நர்சரி பள்ளியில் டீச்சர் வேலைக்குச் சேர்ந்தாள். சத்தியராஜ் ஞாயிறுதோறும் போளூர் ரோட்டில் களம்பூர் ரயில்வே கேட் வரை காரில் போவார். பிரிந்துவிடலாம் என்று அவள் சொன்னதற்குச் சரி சொல்லித் தொலைத்திருந்தால் என்ன செய்வது என்று பயம் வரும். அங்கேயே வண்டியைத் திருப்பிவிடுவார்.

போன வருடம் ஃபில்டரின் தகர டப்பா துருப்பிடித்து உடைந்தது. அந்தப் பழைய டப்பா எங்கேயும் கிடைக்காததால், சென்னையிலிருந்து கூம்பு மாதிரி சிவப்பாக ஒரு ஃபில்டர் வாங்கி வந்து பலராமனிடம் கொடுத்தார். "இது காத்த ஜாஸ்தி இழுக்கும்ணா. அதுக்கேத்த மாதிரி பெட்ரோல் வரணும்னா பெரிய ஓட்ட வெச்ச ஜெட்டு போடணும். இல்லன்னா வண்டி வாய் வழியா இருமிகினே கெடக்கும்" என்றார் பலராமன். ஜெட் வருவதற்குள் சும்மா ஒரு ரவுண்டு போய்ப் பார்த்தார்கள். பஸ் ஸ்டாண்டு தாண்டியதும் கார் இருமியது. இருமலோடு, எப்போதோ ஸ்பேனர் கேட்டுக் கத்திய பலராமனின் குரல் வெளியே விழுந்தது. அடுத்த இருமலில், "ஏங்க, காபி ஆறிப்போவுது" என்று வனிதாவின் குரல்.

சத்தியராஜ் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். "ஜெட்ட மாத்தாத" என்றார்.

"பெட்ரோல் பத்தாம சூடேறி வால்வு எரிஞ்சிடும்ணா. அப்புறம் ஓடவும் ஓடாது, பேசவும் பேசாது."

"எரியட்டும்."

அதற்குப் பிறகு மாதக்கணக்கில் பத்மினி தான் விழுங்கியதையெல்லாம் முன்பின் ஒழுங்கில்லாமல் துப்பியது. பால்காரன் வராததையும், பல்வலியையும், மாதா கோயில் திருவிழாவுக்கு யார் யார் வருகிறார்கள் என்பதையும் வனிதா இந்தக் காருக்குப் பக்கத்தில் நின்று சொல்லியிருக்கிறாள். ஒன்றுகூட அவர் காதுக்கு வந்ததில்லை. ஒருநாள் "இந்தப் பொடவ நல்லாகீதா?" என்றது கார். அவர் பிரேக் போட்டு நிறுத்தி, "நல்லாகீது" என்று ஸ்டீயரிங்கைப் பார்த்துச் சொன்னார். எந்தப் புடவை என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. அதற்குத்தான் அழுதார். அவள் வேண்டும் என்று வாய்விட்டே சொன்னார். கேட்க ஆளில்லை. எஞ்சின் சூடேறி நாளுக்கு நாள் இழுவை குறைந்தது. பலராமன் வாராவாரம் பிளக்கைக் கழற்றி, சூட்டில் சுண்ணாம்பாக வெளுத்துக் கிடப்பதைக் காட்டினார். சத்தியராஜ் பார்க்கவே இல்லை.

ஆவணியில் ஒரு ஞாயிறு சாயங்காலம் களம்பூர் கேட் மூடியிருந்தது. சத்தியராஜின் காருக்குப் பக்கத்தில் போளூர் பஸ் நின்றது. கார் அதுவரை இருமாத மாதிரி ஒரு பெரிய இருமல் இருமியது. "வண்டி ரெடியானதும் வந்து கூட்டிகினு போங்க. நானா பஸ் ஏறி வரமாட்டேன். சரியா?" என்றது வனிதாவின் குரல். அதன் பின்னாலேயே, "சரி, சரி" என்று அவருடைய குரலும் வந்தது. பஸ் மொத்தமும் கேட்டது. ரயில் போய் கேட் திறந்தும் அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பஸ் ஜன்னலோரம் இருந்த ஓர் அம்மா எட்டிப் பார்த்து, "சரின்னு சொல்லிட்டு இன்னும் இங்க இன்னா பண்ணிகினு கீற? ஜல்தி போப்பா" என்றார்.

போளூரில் வனிதாவின் அம்மா வீட்டு வாசலில் கார் இருமிக்கொண்டே போய் நின்றது. வனிதா எட்டிப் பார்த்தாள். காதோரம் நரைத்திருந்தது. உள்ளே போய், கதவுக்குப் பின்னால் இருந்த அதே பையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"வண்டி ரெடியாயிடிச்சா?"

"ஆயிடிச்சி" என்றார் சத்தியராஜ்.

அவள் பையைப் பின்சீட்டில் போட்டுவிட்டு முன்னால் ஏறி உட்கார்ந்தாள். சத்தியராஜ் எஞ்சினை அணைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"இன்னாங்க, வண்டிய எடுக்கலயா?" என்றாள். அவருக்கு அது முழுசாகக் கேட்டது.